பரண் சன்னல்

இரண்டாம் முறை பார்க்கப் போனபோது
மழை பிடித்துக்கொண்டது.
நல்லதாகப் போயிற்று என்றான் அக்ரிஸ்,
வெயிலில் எல்லா வீடும்
மாப்பிள்ளை வேஷத்தில்தான் நிற்கும்.
லியெபாயாவில் வெயிலே அபூர்வம்.
தரகர் பாவம், சிரித்துவைத்தார்.

மரவீடு. நூறு வயதுக்கு மேல்.
கடல்காற்று தின்றது போக மிச்சமிருக்கும் பச்சை.
பீங்கான் ஓடு பதித்த கணப்பு, அதன் வயிற்றில்
யாரோ பாதி எரியவிட்டுப் போன விறகு.
நிலவறைச் சுவரில்
கணுக்கால் உயரத்தில் ஓர் ஈரக்கோடு.
அது போன வசந்தத்தில் வந்த தண்ணீர் என்றார்.
எந்த வசந்தத்தில்தான் வராது என்று
நான் கேட்கவில்லை.

வங்கியில் கேட்டார்கள்:
சம்பளம் எவ்வளவு, வேறு கடன் உண்டா,
இன்னும் இருபத்து மூன்று வருடம்
டிராம் ஓட்டுவீர்களா.
ஓட்டுவேன் என்று கையெழுத்துப் போடலாம்,
தண்டவாளத்தை விட்டு வண்டி எங்கே போய்விடும்?
அவர்கள் கேட்காத கேள்விதான்
இரவில் போர்வைக்குள் வந்து படுத்துக்கொள்கிறது:
ஜனவரியில் குழாய் உறைந்தால்
யாரைக் கூப்பிடுவாய், வெல்கா?

இப்போது கூப்பிட ஓர் எண் இருக்கிறது.
ஒன்பது வருடமாக என் குறைகளையெல்லாம்
அந்த எண்ணில்தான் இறக்கிவைக்கிறேன்,
ஒழுகும் குழாய், அடைத்த சாக்கடை,
மாடிப்படி விளக்கு.
வீட்டுக்காரர் வருவார், அல்லது வரமாட்டார்.
வராவிட்டால் திட்டலாம்.
திட்டுவதற்கு ஆள் இருப்பது
எவ்வளவு பெரிய வசதி என்று
இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் ஆணி அடிக்கக் கூடாது.
என் சுவர்க்கடிகாரம் ஒன்பது வருடமாக
அலமாரிமேல் சாய்ந்தபடி,
வேலை கேட்டு வந்தவன்போல்
உட்கார்ந்திருக்கிறது.

அக்ரிஸ் தாளில் கணக்குப் போட்டான்.
புகைக்கூண்டு சுத்தம். கூரைத் தகடு. வரி. காப்பீடு.
முற்றத்து லிண்டன் மரம்
பக்கத்து வீட்டுக் கார்மேல் கிளையை முறித்தால், அது.
மரம் கூடவா, என்றேன்.
மரம் கூடத்தான்.
கடைசியில் 'எதிர்பாராதது' என்று எழுதி
எதிரே தொகை போடாமல்
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.
எஸ்தேரெ அந்தத் தாளின் பின்பக்கத்தில்
ஒரு நாய் வரைந்துவிட்டாள்.
நாயைப் பற்றி நாங்கள் பேசியதேயில்லை.

சொந்தம் சொந்தம் என்கிறோம்.
சொந்தமென்றால்
நடுராத்திரியில் உடம்புக்கு முடியவில்லை என்று
ஆளனுப்பும்.
தூக்கம் வருகிறது என்று சொல்ல முடியாது.

வியாழன் இரவு, கடைசி வண்டி.
காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது.
மூன்று பேர் ஏறினார்கள்,
ஒருவன் தொப்பியைத் தொலைத்துவிட்டு.
கால்வாய்ப் பாலம் தாண்டும்போது
சம்பந்தமில்லாமல் நினைவு வந்தது:
அந்தப் பரண் சன்னலை யாராவது சாத்தினார்களா?
கொக்கி தளர்ந்திருந்தது. நான் பார்த்தேன்.
தரகர் பார்க்கவில்லை, அக்ரிஸ் பார்க்கவில்லை.

பணிமனையில் வண்டியை விட்டுவிட்டு
இடப்பக்கம் திரும்ப வேண்டியவள்
வலப்பக்கம் திரும்பினேன்.

திறந்துதான் கிடந்தது.
படார் படாரென்று சட்டத்தில் அடித்துக்கொண்டு.
என்னிடம் சாவி இல்லை, ஏணி இல்லை,
அந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை,
இந்தக் கோபத்தைத் தவிர.

பதினொன்றே முக்காலுக்குத் தரகரை எழுப்பினேன்.
விலையைப் பற்றியா, என்றார், குரல் தெளிந்து.
இல்லை, சன்னல்.
எந்தச் சன்னல்?
பரண் சன்னல். கொக்கி மாட்ட ஆள் அனுப்புங்கள்.
கொஞ்ச நேரம் அவர் மூச்சுதான் கேட்டது.
அது இன்னும் உங்கள் வீடில்லையே, அம்மா.

தெரியும், என்றேன்.
ஆனால் மழை உள்ளே போகிறது.